கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

விண்டோஸ் 10-ஐ மைக்ரோசாஃப்ட் கைகழுவியதிலிருந்து இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டேன். பெயர் போடவேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் தொழிலும் ஊரும் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, என் கடையில் 2016-ல் வாங்கிய சிஸ்டம் இருக்கிறது, விண்டோஸ் 10. பில், ஜிஎஸ்டி, பேங்க் வேலை எல்லாமே அதில்தான். சப்போர்ட் முடிந்தது என்று திரையில் அடிக்கடி வந்து நிற்கிறது. சர்வீஸ் பண்ணுகிற பையன் புதுசு வாங்குங்க என்கிறான். என் மகனோ, "அதெல்லாம் யாவாரத் தந்திரம்ப்பா, பாத்துக்கிடலாம்" என்கிறான். யார் பேச்சைக் கேட்க?
*- பாத்திரக் கடைக்காரர், திருநெல்வேலி டவுன்*

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் எந்தக் கம்ப்யூட்டரும் நின்றுவிடவில்லை, உங்களுடையதும் நிற்காது. நாலு வருஷம் கழித்துச் சுவிட்சைப் போட்டாலும் எழுந்து வரும், பில் அடிக்கும். அந்த வகையில் உங்கள் மகன் சொல்வது சரி.

நின்றுபோனது வேறு ஒன்று. மாதாமாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம்மூரில் அன்று ராத்திரி, மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும். அந்த மாதம் கண்டுபிடித்த ஓட்டைகளை அடைக்கிற வேலை அது. இப்போது அது தானாக வருவது விண்டோஸ் 11-க்குத்தான். இங்கேதான் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. 10-க்கும் 11-க்கும் உள்ளே இருக்கிற நிரலில் பெரும்பகுதி ஒன்றேதான். 11-ல் ஒரு ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியானதும், அதற்காகவே காத்திருப்பவர்கள் அந்த அப்டேட்டைப் பிரித்து, பழைய ஃபைலையும் புது ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் கைவைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதே ஓட்டை 10-லும் இருந்தால், அது இருக்கிற இடம் ஊருக்கே தெரிந்துவிட்டது, அடைக்கத்தான் ஆளில்லை. மாதம் ஆக ஆக இது கூடிக்கொண்டே போகும். அதனால் முதல் சில மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து இனியும் ஆகாது என்று முடிவுகட்ட முடியாது.

2017-ல் வான்னாக்ரை என்கிற வைரஸ் வந்தபோது நடந்ததும் இதுதான். மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை மார்ச் மாதமே அடைத்துவிட்டது. மே 12-ஆம் தேதி வைரஸ் கிளம்பியது. நடுவில் இரண்டு மாதம் இருந்தும் அப்டேட் போடாதவர்களின் ஃபைல்களை எல்லாம் பூட்டிப் பணம் கேட்டது, பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பும்படி ஆனது. அதில் மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை ஆதரவு முடிந்துபோயிருந்த விண்டோஸ் எக்ஸ்பி இல்லை, அன்றைக்கு ஆதரவில் இருந்த விண்டோஸ் 7. அப்டேட் வந்தும் போடாதவர்களுக்கே அந்தக் கதி என்றால், வராத சிஸ்டத்தை வைத்திருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஆதரவு முடிந்த நாளிலிருந்து ஒரு வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் ஒன்று வைத்திருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து, செட்டிங்ஸை அதில் பேக்கப் ஆகும்படி விட்டால் காசு கிடையாது. பேக்கப் பிடிக்காதவர்கள் மைக்ரோசாஃப்டின் ரிவார்ட்ஸ் புள்ளி 1000 கொடுக்கலாம், அல்லது 30 டாலர் கட்டலாம். செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, விண்டோஸ் அப்டேட் என்று போனால் சேர்வதற்கான இணைப்பு தெரியும். தெரியவில்லை என்றால் உங்கள் விண்டோஸ் 10 கடைசிப் பதிப்பான 22எச்2-தானா என்று செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட்டில் பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்கு அப்டேட் செய்ய வேண்டும். இது தனிநபர்களுக்கான ஏற்பாடு. கம்பெனிகளுக்குத் தனிக் கட்டணம், ஒரு சிஸ்டத்துக்கு முதல் வருஷம் 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் இரட்டிப்பு.

உங்கள் பழைய சிஸ்டத்திலேயே 11 போடலாமா என்றால், நேர்வழியில் முடியாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல், உங்களுடையது 2016. நன்றாக ஓடுகிற மெஷினை இப்படி ஒதுக்கிவைப்பது எனக்கும் உடன்பாடில்லை. 2015-ல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மேடையிலேயே "இதுதான் கடைசி விண்டோஸ்" என்று சொன்னதைக் கேட்டு நிம்மதியாக வாங்கியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்தக் கோபத்தைப் பேங்க் பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு காட்ட முடியாதே. இந்த ஒரு வருஷ அப்டேட்டில் சேருங்கள், அதற்குள் புதுசுக்குப் பணம் ஒதுக்குங்கள். வாங்கிய பிறகு பழையதை நெட் இல்லாமல் பில் போட மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டி, பேங்க் இரண்டையும் புதுசுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: பாளையங்கோட்டையில் டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, சடங்கு, கோயில் கொடை நோட்டீஸ்தான் பிழைப்பு. விண்டோஸ் எக்ஸ்பியில் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபான்ட்கள். இருபது வருஷத்து ஃபைல்கள் அதில் கிடக்கின்றன. பக்கத்து டேபிளில் ஒரு விண்டோஸ் 10 சிஸ்டமும் உண்டு, இரண்டுக்கும் லேனில் ஷேரிங் போட்டிருக்கிறோம். எக்ஸ்பியை விட்டால் கடையை மூட வேண்டியதுதான். வைத்திருந்தால் ஆபத்து என்கிறார்கள். என்ன செய்ய?
*- டிடிபி கடை உரிமையாளர், பாளையங்கோட்டை*

பதில்: விட வேண்டாம். உங்கள் தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஊரில் கொடை என்றால் போன வருஷ நோட்டீஸைத் திறந்து, தேதியை மாற்றி, வில்லுப்பாட்டுக்காரர் பெயரை மாற்றி, வரிதாரர் பட்டியலில் காலமானவரை எடுத்துவிட்டு அவர் மகனைச் சேர்த்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். அதையே புது சாஃப்ட்வேரில் முதலிலிருந்து அடித்து, பிழை திருத்தி, விழாக் கமிட்டியில் நாலு பேரிடம் காட்டி முடிக்க ஒரு நாள் போய்விடும்.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துபோனது. அந்த சிஸ்டத்தை நம்பி நெட்டில் எதுவும் செய்யக் கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் நெட்டே இல்லாத எக்ஸ்பி, பத்திரிகை அடிக்கிற ஒரு மெஷின், அவ்வளவுதான். எனவே முதல் வேலை, அதன் பின்னால் சொருகியிருக்கிற நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவது. சாஃப்ட்வேரில் ஆஃப் பண்ணி வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், கேபிளைக் கையால் கழற்றுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது அந்த லேன் ஷேரிங்கைப் பார்த்துத்தான். எக்ஸ்பிக்குப் பழைய எஸ்எம்பி 1 முறையில் மட்டுமே ஃபைல் பகிரத் தெரியும். விண்டோஸ் 10-ல் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து அதைத் தானாகவே அணைத்து வைத்துவிட்டார்கள். வான்னாக்ரை புகுந்ததே அந்த வழியாகத்தான். எக்ஸ்பியோடு ஷேரிங் வேலைசெய்ய வேண்டும் என்பதற்காக சர்வீஸுக்கு வருகிறவர் என்ன செய்திருப்பார்? விண்டோஸ் 10-ன் 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன்' பெட்டியைத் திறந்து எஸ்எம்பி 1.0-க்கு டிக் அடித்திருப்பார், கூடவே ஃபயர்வாலையும் அணைத்திருப்பார். பழைய சிஸ்டத்துக்காக நல்ல சிஸ்டத்தின் கதவையும் திறந்து போட்டாயிற்று. அந்தப் பெட்டிக்குப் போய் டிக்கை எடுங்கள், ஃபயர்வாலைப் போடுங்கள்.

ஷேரிங் இல்லாமல் எப்படி? பென் டிரைவ்தான். அதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவருகிற பென் டிரைவை நேராக எக்ஸ்பியில் சொருகாதீர்கள். எக்ஸ்பியில் பென் டிரைவைச் சொருகியதும் அதில் இருக்கும் புரோகிராம் தானே ஓடுகிற வசதி ஒரு காலத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2011-ல் ஒரு அப்டேட் அனுப்பி அதை நிறுத்தியது. ஆனால் கடைக்காரர் கொடுத்த பழைய சிடியை வைத்து ஃபார்மட் அடித்துப் போட்ட எக்ஸ்பிகளில் அந்த அப்டேட் இருக்காது. போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகிற கூத்து உங்கள் கடையிலும் நடந்திருக்கும். அதனால் வெளிப் பென் டிரைவ், வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோ எல்லாம் முதலில் விண்டோஸ் 10-க்குப் போகட்டும், அங்கே ஸ்கேன் ஆகட்டும், பிறகு கடைக்கென்று தனியாக வைத்திருக்கிற ஒரு பென் டிரைவில் போட்டோவை மட்டும் எக்ஸ்பிக்குக் கொண்டுபோங்கள். முடிந்த டிசைனை பிடிஎஃப் ஆக்கி அதே பென் டிரைவில் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உண்மையைச் சொன்னால் உங்கள் எக்ஸ்பிக்கு எமன் வைரஸாக இருக்க வாய்ப்புக் குறைவு, ஹார்ட்டிஸ்க்தான். இருபது வருஷத்து டிஸ்க் ஒருநாள் டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். ஃபைல்களை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் போதாது, பேஜ்மேக்கர், ஃபான்ட், பிரிண்டர் டிரைவர் எல்லாம் அமைத்தபடியே முழு டிஸ்கையும் இமேஜ், அதாவது அச்சு அசலான ஒரே நகல், எடுத்து வையுங்கள், இன்னொரு டிஸ்கில் அதை அப்படியே இறக்கி, பூட் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்தும் விடுங்கள். அந்த இமேஜை விண்டோஸ் 10-க்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது கம்ப்யூட்டருக்குள் ஒரு கம்ப்யூட்டராக, ஓட வைக்கவும் வழி உண்டு. அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் சாஃப்ட்வேர் இலவசம்தான், உள்ளே எக்ஸ்பிக்கு நெட் அடாப்டரை எடுத்துவிட வேண்டும். பாரலல் போர்ட்டில் சொருகுகிற டாங்கிள் பூட்டு இருக்கிற தமிழ் சாஃப்ட்வேர் என்றால் அங்கே சண்டித்தனம் செய்யும், அப்போது பழைய மெஷினையே காப்பாற்றுவதுதான் வழி.

எடுத்த காப்பியைக் கடையிலேயே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ஜங்ஷன் பக்கம் கடைகளுக்குள் தண்ணீர் என்ன உயரம் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். சிபியுவும் பேக்கப் டிஸ்கும் ஒரே மேசைக்கடியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒன்று வீட்டில் இருக்கட்டும், மாடியில்.

நீண்ட நாளைக்கு ஒரு யோசனை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-ல், அதற்குப் பிறகு அடோபி அதை வளர்க்கவில்லை. இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், ஆனால் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டில் அடித்தது உள்ளே ஆங்கில எழுத்தாகத்தான் பதிவாகியிருக்கிறது, ஃபான்ட் இல்லாத இடத்தில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, கொம்பும் காலும் இடம் மாறிப்போவதைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். இருபது வருஷத்தையும் மாற்றப் போகாதீர்கள். இந்த வருஷம் எந்தக் கொடைக்கு ஆள் வருகிறார்களோ அந்த நோட்டீஸை மட்டும் வேலையோடு வேலையாக மாற்றிக்கொண்டே வந்தால், தேவையானது தன்னால் புதுசுக்கு வந்துவிடும்.

கேள்வி: விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறேன், வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன். இது போதாதா?
*- உரக்கடைக்காரர், வள்ளியூர்*

பதில்: போதாது. மழையில் பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் விழுந்து கிடக்கும்போது முன்வாசலில் வாட்ச்மேன் போட்ட மாதிரிதான் இது. தெரிந்த வைரஸ் வந்தால் ஆன்டிவைரஸ் பிடிக்கும், விண்டோஸில் இருக்கிற ஓட்டையை அதனால் அடைக்க முடியாது. விண்டோஸ் 7-க்கு ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 14. அதைவிட முக்கியம், குரோம் பிரவுசரும் அதைக் கைவிட்டுவிட்டது. 109-தான் விண்டோஸ் 7-ல் ஓடுகிற கடைசி குரோம், அது 2023 ஜனவரியில் வந்தது. இன்றைக்குத் திருட்டு எல்லாம் பிரவுசர் வழியாகத்தான். உங்கள் கம்பெனி ஆர்டர், பேங்க் எல்லாம் அந்த 109-ல்தானே நடக்கிறது? இன்றைக்கே அதை நிறுத்திவிட்டு, அப்டேட் வருகிற போனிலிருந்து செய்யுங்கள். உர ஸ்டாக் கணக்கு மட்டும் ஏழில் இருக்கட்டும், கெட்டுப்போகாது.

கேள்வி: பேங்க்காரனே ஏடிஎம்மில் எக்ஸ்பி வைத்து ஓட்டினானே, நமக்கு மட்டும் ஏன் இந்த உபதேசம்?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி*

பதில்: ஓட்டினார்கள்தான் சார், ரிசர்வ் வங்கி பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2018 ஜூனில் உத்தரவு போட்டு, ஆதரவு முடிந்த சிஸ்டம் ஓடுகிற ஏடிஎம்களைப் படிப்படியாக மாற்றச் சொன்னது, அந்த செப்டம்பருக்குள் கால்வாசி, 2019 ஜூனுக்குள் எல்லாம் என்று கெடு வைத்தது. தவிர ஏடிஎம் எக்ஸ்பியில் யாரும் மெயில் பார்ப்பதில்லை, படம் டவுன்லோட் செய்வதில்லை, பேரன் வந்து கேம் போடுவதும் இல்லை.

கேள்வி: என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய இலவச லேப்டாப் வீட்டில் இருக்கிறது. ரொம்ப மெதுவாக இருக்கிறது. லினக்ஸ் போட்டால் சின்னவன் படிப்புக்கு ஆகும் என்கிறார்கள், உண்மையா? நான் பீடி சுற்றுகிறவள், புதுசு வாங்க வசதி இல்லை.
*- ஒரு தாய், முக்கூடல்*

பதில்: உண்மைதான் அம்மா, ஆகும். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற சிஸ்டம். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது, சி-டாக் என்கிற அரசு நிறுவனம் உருவாக்கியது. அநேகம் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இப்போது போடுவதென்றால் லூபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இரண்டும் இலவசம். போட்டுத் தருகிற பிள்ளையிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். பிராசஸர் 64 பிட்தானா என்று பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இவை ஏறாது. ஏற்றுவதற்கு முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வைஃபையும் சத்தமும் வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். மகளுடைய பழைய போட்டோ, சர்டிபிகேட் ஸ்கேன் இருந்தால் முதலில் காப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஹார்ட்டிஸ்கை எடுத்துவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் பழைய ஹார்ட்டிஸ்க்தான் காரணம், வேறெதிலும் இவ்வளவு வித்தியாசம் தெரியாது. சின்னவன் தமிழில் டைப் அடிக்கலாம், தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. யூடியூப் பாடம் ஓடும், லிப்ரே ஆஃபீஸில் பிராஜெக்ட் செய்யலாம். டேலி படிக்க வேண்டும் என்று வந்தால் மட்டும் இது ஒத்துவராது, அதற்கு விண்டோஸ் வேண்டும். லினக்ஸுக்கும் காலக்கெடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் வரும், அதற்கப்புறம் அடுத்த பதிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

கேள்வி: 500 ரூபாய் கொடுத்தால் தகுதி இல்லாத சிஸ்டத்திலும் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்கிறார் தெரிந்த தம்பி ஒருவர். கொடுக்கலாமா?
*- ஜெராக்ஸ் கடை, மேலப்பாளையம்*

பதில்: ஏற்ற முடியும், பொய் இல்லை. சோதனையைத் தாண்டிப் போக வழிகள் இருக்கின்றன. ஆனால் அப்படிப் போட்ட சிஸ்டத்துக்கு அப்டேட் தரும் பொறுப்பு எங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. இன்றைக்கு வரலாம், நாளைக்கு நிற்கலாம். ரொம்பப் பழைய பிராசஸர் என்றால் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு எழுந்தே வராது. அப்டேட் வருவதற்காகத்தானே மாறுகிறீர்கள், அதுவே நிச்சயமில்லை என்றால் 500 ரூபாய் எதற்கு?

எனக்கு அதைவிடச் சந்தேகம், அந்தத் தம்பி லைசென்ஸுக்கு என்ன செய்கிறார் என்பதில். "ஆன்டிவைரஸைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு லைசென்ஸ் வாங்காமலே வாங்கியதுபோல் காட்டுகிற ஆக்டிவேட்டர் ஒன்றை ஓட்டுகிறார் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டாப் என்றும் டிஜேவியு என்றும் சொல்லப்படுகிற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே இந்த மாதிரிக் கிராக், ஆக்டிவேட்டர் வழியாகத்தான். ஆதரவு முடிந்த ஒரிஜினல் விண்டோஸ் 10-ஐவிட, கிராக் அடித்த 11 ஆபத்தானது. அதுவும் ஜெராக்ஸ் கடை, ஊர் ஆதாரும் பேன் கார்டும் உங்கள் மெஷின் வழியாகத்தான் போகின்றன. பிரிண்ட் எடுத்ததும் டவுன்லோட்ஸ் போல்டரைக் காலிசெய்கிற பழக்கம் இருக்கிறதா?

ஒருவேளை ஏற்கெனவே மாட்டி, ஃபைல்கள் எல்லாம் திறக்காமல் பணம் கேட்டு நோட்டீஸ் நின்றால், நெட்டைப் பிடுங்குங்கள், பணம் கட்டாதீர்கள், உடனே ஃபார்மட்டும் அடிக்காதீர்கள். நோ மோர் ரான்சம் என்கிற தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. பேங்கில் பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கேள்வி: புது சிஸ்டம் வாங்கியாயிற்று. பழையதைக் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். போட்டுவிடலாமா?
*- அரிசி ஆலைக் கணக்கர், அம்பாசமுத்திரம்*

பதில்: ஹார்ட்டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு போடுங்கள். டெலீட் பண்ணிவிட்டேன், ஃபார்மட் அடித்துவிட்டேன் என்பதெல்லாம் போதாது, சாதாரண ஃபார்மட்டுக்குப் பிறகும் ஃபைலை மீட்டெடுக்கிற சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. ஆலைக் கணக்கு, விவசாயிகளின் பேங்க் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். சைடு மூடியில் இரண்டு ஸ்க்ரூ, டிஸ்கில் நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். டிஸ்க் இல்லை என்று எடைக்காரர் விலையைக் கொஞ்சம் குறைப்பார், குறைக்கட்டும்.